டயறிப் புத்தகமா, தமிழ்க் கதையா, நூலக அட்டையா? பத்து வயதுப் பிள்ளைக்கு எதை வாங்குவது

வீட்டில் ஒன்பது, பத்து வயதில் ஒரு பிள்ளை. வகுப்பில் யாரோ கொண்டுவந்த ஆங்கில டயறிப் புத்தகத்தை, அதுதான் கோடு போட்ட பக்கத்தில் கையெழுத்து மாதிரி எழுத்தும் கிறுக்கல் படமுமாக வருமே, அதைப் பார்த்துவிட்டு வந்து "எனக்கும் வேணும்" என்று நிற்கிறது. இப்படியாவது ஆங்கிலம் வரட்டும் என்று அம்மாவுக்கு ஆசை. விலையைக் கேட்டதும் அப்பாவுக்குத் தயக்கம். "தமிழே இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்குது, அதுக்குள்ள இதென்ன" என்கிறார் அம்மம்மா. மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் முடிவு தள்ளிப் போகிறது. அதற்குள் பிள்ளை போனை எடுத்துவிடுகிறது.

திருகோணமலையில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இந்த இழுபறி நடக்கிறது. கையில் எப்போதும் ஏதாவது ஒரு புத்தகத்தோடு திரிகிறவள் என்பதால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் இலக்கியக்காரி இல்லை, ஆசிரியையும் இல்லை. பெறாமக்களுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, அவர்கள் அரைவாசியில் போட்டுவிட்டுப் போனதை எடுத்து வாசித்து முடிக்கிற சித்தி, அவ்வளவுதான். அந்த வாசிப்பை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: பிள்ளை எந்த மொழியில் சிரிக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்படிப் பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலாவது, யாரும் சொல்லாமலே பிள்ளை அந்தப் புத்தகத்தை எடுக்குமா? வாங்கிக் கொடுத்த அன்று எடுப்பது கணக்கில்லை. நாலைந்து நாள் கழித்து, வீட்டில் மின்சாரமும் போனில் சார்ஜும் இருக்கிற ஒரு பின்னேரத்தில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, நான் சொன்ன சிரிப்பு. இதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. சினேகிதப் பிள்ளையின் புத்தகத்தை ஒரு இரவுக்கு இரவல் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பிறகு பக்கத்தில் இருந்து வேறு ஏதாவது வேலை பாருங்கள். பக்கத்தைப் புரட்டிய உடனே சிரிப்பு வந்து, உடனே அடுத்த பக்கமும் புரண்டால் பிள்ளை படத்தை மட்டும் பார்க்கிறது. புரட்டி, கொஞ்சம் அமைதியாக இருந்து, கண் கீழே இறங்கி, பிறகு சிரித்தால் எழுத்தும் உள்ளே போகிறது. இந்தப் புத்தகங்களின் பகிடியே எழுத்தும் படமும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்தான் இருக்கிறது. டயறி எழுதுகிற பையன் எழுத்தில் தன்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்வான்; கீழே படத்தில் அசடு வழிய நிற்பான். எழுத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது ஒரு பையன் விழுந்து எழும்புகிற படம் மட்டும். அதற்கு இவ்வளவு காசு தேவையில்லை.

மூன்றாவது செலவு. பின்னட்டை விலை அதில் ஒரு பகுதிதான். ஊரில் கிடைக்காததை எடுப்பிக்கிற செலவு, ஒன்று வாங்கினால் அடுத்ததும் வாங்க வேண்டிவருகிற செலவு, உப்புக்காற்றில் புத்தகம் கெட்டுப்போகிற செலவு எல்லாம் அதற்குள் வரும்.

நாலாவது, வீட்டில் வேறு யாராவது அதைப் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்க முடியுமா? இதை ஒருவரும் யோசிப்பதில்லை. ஆனால் அம்மம்மாவால் வாசிக்க முடிகிற புத்தகமும் முடியாத புத்தகமும் அந்த வீட்டுக்கு ஒரே விலை இல்லை.

| | ஆங்கில டயறித் தொடர் | தமிழ்ச் சிறுவர் நூல் | பொது நூலகம் | போனில் இலவசக் கதை |
|---|---|---|---|---|
| தானாக எடுக்குமா | மிக எளிதில் | தேர்வைப் பொறுத்தது | கூட்டிப்போனால் எடுக்கும் | எடுக்கும், ஆனால் நிலைக்காது |
| கைக்காசு | அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு | டேட்டா மட்டும் |
| மறைந்த செலவு | அடுத்த பாகம் | எடுப்பிக்கிற செலவு, துருப்பிடிக்கும் கம்பிப் பின் | பெரியவரின் நேரம் | கவனம் |
| வீட்டார் சேர்ந்து வாசிக்க | சில வீடுகளில் | எல்லா வீடுகளிலும் | எடுக்கிற நூலைப் பொறுத்தது | சின்னப் பிள்ளையோடு மட்டும் |

## ஆங்கில டயறித் தொடர்கள்

எல்லோரும் கேட்கிறது முதலில் ‘டயறி ஒஃப் அ விம்பி கிட்’. ஜெஃப் கின்னி என்கிற அமெரிக்கர் எழுதி வரைவது. 2004 இல் இணையத்தில் வரத் தொடங்கி, 2007 இல் முதல் புத்தகமாக வெளிவந்தது. 2025 ஒக்டோபரில் இருபதாவது பாகமும் வந்துவிட்டது. பத்திரிகையில் கார்ட்டூன் போடும் வேலை கிடைக்காமல் போனவர் அவர். முதலில் மனதில் வைத்து எழுதியதும் பிள்ளைகளை அல்ல, தங்கள் பள்ளிக் காலத்தை நினைத்துச் சிரிக்கிற பெரியவர்களை. பதிப்பகம்தான் இது சிறுவர் தொடராகப் போகும் என்று திருப்பிவிட்டது.

இந்தத் தகவலை நான் சும்மா சொல்லவில்லை. கிரெக் ஹெஃப்லி என்கிற அந்தப் பையன் சோம்பேறி, சுயநலக்காரன், தன் ஒரே சினேகிதன் ரௌலியைக்கூட மாட்டிவிடுவான். "இப்படியொரு பிள்ளையைப் பற்றி என் பிள்ளை ஏன் வாசிக்க வேணும்" என்று கேட்ட தாய்மார் இருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் வாசித்தால் கிரெக் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்று உடனே விளங்கும், சிரிப்பே அங்கேதான். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கும் அது பிடிபடும். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பிடிபடாது. அது கிரெக் செய்வதைச் சரியென்று எடுத்துக்கொள்ளும். ஆகவே வயது முக்கியம். ஒன்பதுக்குக் கீழே வேண்டாம் என்பது என் கணக்கு.

முதல் பாகத்தில் ஒரு சீஸ் துண்டு வரும். பள்ளிக்கூடக் கூடைப்பந்துத் திடலில் யாரோ போட்டது, பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும். அதைத் தொட்டவனை ஒருவரும் கிட்ட எடுக்கமாட்டார்கள். இன்னொருவனைத் தொட்டு அவன் தலையில் கட்டினால்தான் விடுதலை. நம் பிள்ளைகள் சுவிஸ் சீஸைக் கண்ணால் கண்டிராவிட்டாலும் இதை ஒரு நொடியில் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அந்த விளையாட்டு இங்கேயும் இருக்கிறது. ஆனால் பனி கொட்டிப் பள்ளிக்கூடம் மூடுகிற நாளும் ஹலோவீன் இரவும் வருகிற இடங்களில் தடுக்கி நிற்பார்கள். மார்கழி மழையில் வகுப்பறைக்குள் தண்ணீர் வந்து லீவு விட்ட கதையைச் சொல்லி விளங்கவைக்கலாம். அதற்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

மொழி? முதல் பாகம் முழுவதும் ஏறத்தாழ 20,000 சொற்கள்தான். வசனங்கள் சின்னவை, பேச்சுவழக்கு. தரம் 3 இலிருந்து ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்து வந்த தமிழ்மொழிமூலப் பிள்ளை, தரம் 5 இல் இதைத் தனியே வாசிப்பது அபூர்வம். தரம் 6, 7 இல், அதுவும் இருமொழிப் பிரிவில் படிக்கிற பிள்ளை வாசிக்கும். பாடப்புத்தக ஆங்கிலத்தில் அகப்படாத சிணுங்கலும் நக்கலும் சாக்குப்போக்கும் இதில் அகப்படும். இலக்கணம் இதிலிருந்து வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மற்ற இரண்டு தொடர்களையும் சொல்லிவிட வேண்டும். லிஸ் பிஷோன் எழுதி வரைகிற ‘டொம் கேற்ஸ்’ 2011 இல் தொடங்கியது. பிரித்தானியப் பள்ளிக்கூடம், பிரித்தானிய எழுத்துக்கூட்டல். நம் பாடப்புத்தகத்தோடு முட்டாது. சொற்களையே வளைத்து, பெருப்பித்து, பூப்போட்டு வரைந்திருப்பதால், பக்கம் முழுக்க எழுத்தைக் கண்டு பயப்படுகிற பிள்ளைக்கு இது இலகு. டொம்மும் குழப்படிதான், ஆனால் கிரெக் அளவுக்கு ஆளைக் கவிழ்க்கமாட்டான். என்னைக் கேட்டால் முதலில் கொடுக்க வேண்டியது இதைத்தான். பள்ளிக்கூடத்தில் பெயர் அடிபடுவதால் மற்றதைக் கேட்கிறார்கள். ரேச்சல் ரெனே ரசலின் ‘டோர்க் டயறீஸ்’ 2009 இல் வந்தது, கதையில் டயறி எழுதுவது ஒரு பெண்பிள்ளை. வகுப்பில் யார் பிரபலம், யார் உடுப்பு நல்லது, எந்தப் பையனைப் பிடிக்கும் என்றுதான் போகும். கெட்டது ஒன்றும் இல்லை. ஆனாலும் பத்து வயதுக்கு அவசரம் என்று எனக்குப் படுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்றுக்குச் சரி.

இனிச் செலவு. அமெரிக்காவில் கெட்டி அட்டைப் புதிய பாகம் ஒன்றின் விலை 15 டொலர் பக்கம். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே கணக்கு எங்கே போகிறது என்று தெரியும். 2022 பங்குனி வரை டொலர் 200 ரூபா அளவில் நின்றது. அதற்கு முன் இந்தப் புத்தகங்களை வாங்கிப் பழகியவர்கள் பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டுதான் இப்போது கடையில் திடுக்கிடுகிறார்கள். மெல்லிய அட்டைப் பதிப்பு இதைவிட நன்றாகக் குறைவு. அதை மட்டும் பாருங்கள்.

மறைந்த செலவு மூன்று. ஒன்று, அடுத்த பாகம். இந்தப் பையன் வளர்வதே இல்லை. இருபது பாகத்திலும் அதே வயதுக்காரன்தான். உங்கள் பிள்ளை வளரும். இந்தப் பைத்தியம் இரண்டு வருடம் இருக்கும், அதற்குள் எல்லாப் பாகமும் வேண்டும் என்று நிற்கும். இரண்டாவது, பெட்டியில் அடைத்த ‘செட்’. "செட்டா எடுத்தா மலிவுதானே அக்கா" என்று கேட்பார்கள். பத்துப் புத்தகச் செட்டில் பிள்ளை மூன்றை வாசித்துவிட்டு நிறுத்தினால், விலையைப் பத்தால் பிரிக்கக்கூடாது, மூன்றால் பிரிக்க வேண்டும். அநேகமாக எந்த வீட்டுக்கும் செட் நல்ல யோசனை இல்லை. மூன்றாவது, கள்ளப் பதிப்பு. நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கும். வெறும் எழுத்து நாவலென்றால் எழுத்து மங்கலாக இருந்தாலும் ஒருமாதிரி வாசித்துவிடலாம். இதில் மெல்லிய கோட்டுப் படத்தில் வாய் வளைந்திருக்கிற விதத்தில்தான் பகிடி இருக்கும். நகலெடுத்த அச்சில் வாய் ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும். வரைந்தவருக்குக் காசு போகாது என்பது வேறு.

இது யாருக்குச் சரி: ஆங்கில வசனத்தைத் துணையில்லாமல் வாசிக்கத் தொடங்கிவிட்ட, ஆனால் தடித்த புத்தகத்தைக் கண்டால் ஓடுகிற பிள்ளைக்கு. வாசிப்பே பிடிக்காது என்று பெயரெடுத்த ஆண்பிள்ளைகள் சிலரை இது இழுத்து உட்காரவைத்ததைக் கண்டிருக்கிறேன். அந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு பாகம் வாங்கிப் பார்க்கலாம்.

## தமிழ்ச் சிறுவர் நூல்கள்

இங்கே ஒரு குறையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் சிறுவர் கதைகளில் பிள்ளை குழப்படி செய்தால் கடைசிப் பக்கத்தில் கட்டாயம் திருந்திவிடும். திருந்தாத பிள்ளைக்கு அங்கே இடமில்லை. டயறிப் புத்தகம் பிள்ளைகளை ஏன் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. அதோடு, கடையில் தமிழ்க் கதைப்புத்தகம் என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் பதினாறு, இருபத்துநாலு பக்கத்துப் படக்கதை. ஆறு வயதுக்கு அருமை. பத்து வயதுப் பிள்ளை பாண் வாங்கப் போய் வருகிற நேரத்துக்குள் வாசித்துவிட்டு "வேற?" என்று கேட்கும்.

ஆனால் தேடினால் இருக்கிறது. என் முதல் பரிந்துரை ‘டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானில் 1981 இல் வந்தது, டெட்சுகோ குரோயநாகி தன் சொந்தப் பள்ளிக் காலத்தை எழுதியது. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிறது, விலையும் கட்டுப்படியானது. டயறி என்று பெயர் இல்லையே தவிர, இரண்டு மூன்று பக்கத்தில் முடிகிற சின்னச் சின்னச் சம்பவங்களாகத்தான் போகும். மேசை மூடியைத் திறந்து திறந்து மூடியதற்காகவும், ஜன்னலில் நின்று தெருவில் போகிற வாத்தியக்காரரைக் கூப்பிட்டதற்காகவும் பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட பிள்ளை அவள். புதுப் பள்ளிக்கூடத்தில் வகுப்பறைகள் பழைய ரயில் பெட்டிகள். அதன் தலைமை ஆசிரியர் முதல் நாளே நாலு மணித்தியாலம் அவள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவளை யாரும் திருத்துவதில்லை. கிரெக்கின் குழப்படியை விரும்புகிற பிள்ளைக்குத் தமிழில் நான் கண்ட நேரான பதில் இதுதான்.

திருகோணமலைப் பிள்ளைக்கு இதில் இன்னொரு விசயமும் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தில் குண்டு போட்டன. சீனன்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றில் ஒரு விமானம் போய் மோதிய கதையை ஊரில் இன்னும் சொல்வார்கள். டோட்டோவின் ரயில் பெட்டிப் பள்ளிக்கூடம் 1945 இல் குண்டுவீச்சில் எரிந்துபோகும். அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்கள் பள்ளிக்கூடமும் எரிந்தது என்று ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கட்டும். விளக்கவுரை தேவையில்லை.

இப்போது எழுதப்படுகிறவை வேண்டுமென்றால் இந்திய சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதுப் பட்டியல் ஒரு நல்ல வழிகாட்டி. 2023 இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, 2024 இல் யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’, 2025 இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. இவை பத்து வயதை மதித்து எழுதப்பட்டவை. ‘குட்டி இளவரசன்’ என்று எல்லோரும் பரிந்துரைப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த புத்தகம், படங்களும் அழகு. ஆனால் பிள்ளைக்கென்று வாங்கின வீடுகளில் கடைசியில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தது அம்மாதான். பிள்ளைக்குப் பதினாலு வயது வரட்டும்.

சித்திரக்கதை விருப்பமென்றால் சிவகாசியிலிருந்து வருகிற லயன், முத்து காமிக்ஸ். முத்து 1972 இலிருந்து வருகிறது. இங்கே அப்பாமார் பலருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மலரும். இப்போது வருகிறவை பெரும்பாலும் அந்த அப்பாமாருக்கானவை. பிள்ளைக்கென்றால் லக்கி லூக் மாதிரிப் பகிடிக் கதைகளாகத் தெரிந்து எடுக்க வேண்டும்.

மறைந்த செலவு இங்கேயும் உண்டு. நம் நகரத்துப் புத்தகக் கடைகளில் பெரும்பகுதி கொப்பி, பயிற்சிப் புத்தகம், கடந்தகால வினாத்தாள் விற்கிற கடைகள். கதைப்புத்தகத்துக்கு ஒரு தட்டு இருந்தால் அதிர்ஷ்டம். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பூபாலசிங்கம் மாதிரிக் கடைக்குச் சொல்லித்தான் எடுப்பிக்க வேண்டிவரும். இந்திய விலையை மூன்றரையால் பெருக்கினால் இன்றைய நாணயக் கணக்கு வரும். கடைக்காரர் கப்பல் கூலியும் சேர்த்து அதற்கு மேலே போடுவார், அது நியாயம்தான். ஒரு புத்தகத்துக்காக எடுப்பித்தால் பார்சல் காசு கடிக்கும். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே பார்சலாக எடுப்பியுங்கள்.

அப்புறம் உப்புக்காற்று. மெல்லிய தமிழ்ப் புத்தகங்கள் நடுவில் கம்பிப் பின் அடித்தவை. கடற்கரைப் பக்கம் வீடென்றால் ஒரு மாரி முடிவதற்குள் அந்தப் பின் துருப்பிடித்து, சுற்றிக் கபில நிறக் கறை பரவி, நடுத்தாள் கழன்றுவிடும். வாங்கின அன்றே பின்னைக் கழற்றிவிட்டு, அதே துளைகளில் தடித்த நூலால் தைத்துவிடுவது என் வழக்கம். பத்து நிமிட வேலை. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினால் இராமபாணப் பூச்சி வரும். பிள்ளைக்கு எட்டுகிற திறந்த தட்டுத்தான் எல்லாவிதத்திலும் நல்லது.

இது யாருக்குச் சரி: ஆங்கிலச் சோதனையில் படத்துக்கு மட்டும் சிரித்த பிள்ளைக்கு. தமிழையே எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு இன்னும் அதிகமாக. ஒரு மொழியில் ஓடி வாசிக்கப் பழகாத பிள்ளையை இன்னொன்றில் இறக்கினால் இரண்டிலும் நொண்டும். அம்மம்மா சொன்னதில் விசயம் இருக்கிறது.

## நூலக அட்டை

காசைப் பார்த்தால் இதற்குக் கிட்ட எதுவும் வராது. ஒருமுறை படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும், பிறகு வீட்டுக்கு இரவல். ஒரு புத்தகம் பிடிக்காவிட்டால் நட்டமில்லை என்பதுதான் இதன் பெரிய பலன். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைப் பிள்ளை மூடி வைத்தால் நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் வாசிப்பைக் கொன்றுவிடும். இரவல் புத்தகத்தை மூன்றாம் பக்கத்தில் மூடினால் "சரி, வேறொன்று எடு" என்று சொல்ல முடிகிறது.

ஆனால் புதிய டயறிப் பாகங்கள் தட்டில் காத்திருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். சிறுவர் பகுதியில் இருப்பது பெரும்பாலும் பழையது. பழையதில் நல்லதும் நிறைய இருக்கிறது, ஆனால் அட்டை மங்கியதைப் பிள்ளை தானாக எடுக்காது. நீங்கள் எடுத்து முதல் இரண்டு பக்கத்தை வாசித்துக் காட்ட வேண்டும்.

இங்கே மறைந்த செலவு நேரம். நூலகம் திறந்திருக்கிற நேரமும் ரியூசன் நேரமும் ஒன்று. தரம் 5 புலமைப்பரிசில் வருடமென்றால் சொல்லத் தேவையில்லை. யாராவது ஒரு பெரியவர் கிழமையில் ஒரு நாளை ஒதுக்கி, ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய், அரை மணித்தியாலம் நின்று, திருப்பிக் கொடுக்கிற திகதியையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு ஆள் இருக்கிற வீட்டில் நான் வேறெதையும் பரிந்துரைக்கமாட்டேன். ஆள் இல்லாத வீட்டில் அட்டை மட்டும் இருந்து பயனில்லை. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம்; அப்போது பாடசாலைகளிலும் நூலகங்களிலும் இந்தப் பேச்சு பலமாக இருக்கும், அட்டை எடுக்கத் தோதான நேரம்.

## போனில் இலவசமாக

இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன, வாசிப்பு மட்டம் நான்காகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். பதிவிறக்கி அச்சிடவும் அனுமதி உண்டு. ஐந்திலிருந்து எட்டு வயதுவரை இது பெரிய உதவி. நம் நாட்டு வெளியீடுகளை 2005 இலிருந்து இணையத்தில் சேமித்து வருகிற ‘நூலகம்’ என்கிற தளத்தில் பழைய சிறுவர் சஞ்சிகைகளும் அகப்படும். அதைப் பெரியவர் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும், பக்கத்தைப் படம்பிடித்த கோப்பு சின்னத் திரையில் பிள்ளைக்கு வாசிக்க வராது.

பத்து வயதுக்குப் போன் எனக்குச் சரிவரவில்லை. கதை நல்லதுதான். ஒரு விரல் தள்ளினால் யூடியூப், அவ்வளவுதான் சிக்கல். கதையை அச்சிட்டுக் கொடுத்தால் போதும்.

## காசில்லாத இன்னொரு வழி

டயறிப் புத்தகம் கேட்கிற பிள்ளை உண்மையில் சில வேளை வாசிக்கக் கேட்பதில்லை, எழுதிப் பார்க்கக் கேட்கிறது. கோடு போட்ட பக்கம், கிறுக்கல் படம், "இதை நானும் செய்வேன்" என்கிற நினைப்பு. அந்தப் பிள்ளைக்கு ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியும் கறுப்புப் பேனாவும் கொடுத்துப் பாருங்கள். என் பெறாமகளின் கொப்பியில் ஒரு பக்கம்: "இண்டைக்கு மான் வந்து மாமியின்ட செவ்வரத்தையை முழுக்கத் திண்டுட்டுது. மாமி பேசினா. மானுக்கு விளங்கேல்லை." கீழே ஒரு மான், வாயில் பூவோடு, கண்ணை மூடிக்கொண்டு. கோட்டைப் பக்கத்து மான்கள் தெருவுக்கு வந்து வேலிச்செடியை மேய்கிறது நமக்குப் பழகிப்போன விசயம். அதை ஒரு பகிடியாக எழுதலாம் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யாரோ ஒரு சினேகிதியிடம் இரவல் வாங்கிய ஆங்கிலப் பாகம்.

ஒரு நிபந்தனை. எழுத்துப்பிழை பார்க்கக்கூடாது, கேட்காமல் வாசிக்கவும் கூடாது. சிவப்புப் பேனா ஒருமுறை பட்டால் அந்தக் கொப்பி மூடிவிடும்.

## ஆக, யாருக்கு எது

தரம் 6 க்கு மேல், ஆங்கிலம் ஓரளவு ஓடி வாசிக்கிறது, ஆனால் வாசிப்பில் ஆர்வமில்லை: டயறித் தொடரில் ஒரே ஒரு பாகம், மெல்லிய அட்டை, முடிந்தால் டொம் கேற்ஸ். முடித்துவிட்டு இரண்டாவது தரம் வாசித்தால் மட்டும் அடுத்தது.

ஆங்கிலத்தில் படத்துக்கு மட்டும் சிரிக்கிறது, தமிழ் நன்றாக வரும்: டோட்டோ சான், பிறகு அந்த விருதுப் பட்டியல். டயறிப் பாகத்தை இரவல் எடுத்துக் கொடுங்கள், பார்க்கட்டும். பார்ப்பதும் தப்பில்லை, காசு கொடுத்துப் பார்க்கத் தேவையில்லை.

தமிழும் இன்னும் தடக்குகிறது: புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். நூலகம், அச்சிட்ட சின்னக் கதைகள், இரவில் வீட்டில் யாராவது சத்தமாக வாசித்துக் காட்டுவது.

புலமைப்பரிசில் வருடம்: பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். பரீட்சை முடிந்த அன்று கையில் கொடுக்க ஒன்றை வாங்கி ஒளித்து வையுங்கள்.

இரண்டு பிள்ளைகள், வயது வித்தியாசம் மூன்று வருடத்துக்குள்: டயறித் தொடர் இங்கேதான் காசுக்குப் பெறும், ஒன்று விட மற்றது எடுக்கும். மூத்ததுக்கு வாங்குகிற பாகத்தைக் கெட்டி நெகிழித்தாளால் உறைபோட்டு வையுங்கள்.

வாங்குவதென்று முடிவானால், செப்டெம்பரில் கொழும்பு பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கிற சர்வதேசப் புத்தகக் கண்காட்சிதான் விலைக்கும் தெரிவுக்கும் நல்லது. நீங்கள் போகத் தேவையில்லை. இரவு மெயில் ரயிலில் கொழும்புக்குப் போய் வருகிற யாராவது எந்தத் தெருவிலும் இருப்பார்கள். தொடரின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாமல் பாக இலக்கத்தையும் பின்னட்டையில் உள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணையும் துண்டில் எழுதிக் கொடுங்கள். இந்தப் பாகங்கள் எல்லாவற்றுக்கும் முன்னட்டை ஒரே மாதிரி, நிறம்தான் வேறு. "சிவப்பு அட்டைப் புத்தகம்" என்று போனில் சொன்னால், வீட்டில் ஏற்கனவே இருக்கிற பாகம்தான் பையில் வந்து சேரும்.